ஈரத்துக்கு வந்த வரி

நெல் மூட்டைகளோடு நேரடிக் கொள்முதல் நிலையத்து வாசலில் காத்துக் கிடந்தவர்களுக்கு 17 என்ற எண்ணின் கனம் தெரியும். ஈரப்பதம் அதற்கு மேல் காட்டினால் நெல் திரும்பக் களத்துக்குப் போகும். தார்ச்சாலையில் கொட்டி, காலால் துழாவி, வெயிலை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டும். கனடா விவசாயிக்கும் அப்படி எண்கள் உண்டு: கோதுமைக்கு 14.5, மக்காச்சோளத்துக்கு 15.5. வித்தியாசம் வெயிலில்தான். அங்கே அறுவடை முடிகிற அக்டோபர், நவம்பரில் சாலையில் கொட்டிக் காயவைக்க வழியில்லை. மழையும் பனியும்தான் விழும். அதனால் தானியத்தை உலர்த்தியில் ஏற்றி, புரொப்பேனையோ இயற்கை எரிவாயுவையோ எரித்து, சூடான காற்றை ஊதிக் காயவைக்கிறார்கள்.

அந்த நெருப்புக்கு 2019இல் வரி வந்தது. 2025இல் போய்விட்டது. வந்த விதத்திலும் போன விதத்திலும் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. உழவின்மீது கார்பன் வரியே கூடாது என்பதல்ல அந்த எச்சரிக்கை. எந்த இடத்தில் விதிக்கிறோம் என்று பார்க்காமல் விதித்தால், வரியும் நிற்காது, புகையும் நிற்காது.

ஒரு டன் மக்காச்சோளத்தின் கணக்கு

கனடாவின் கார்பன் விலைச் சட்டம் 2018இல் நிறைவேறியது. 2019 ஏப்ரல் 1 முதல் ஒன்டாரியோ, மனிடோபா, சஸ்காச்சுவான், நியூ பிரன்ஸ்விக் மாகாணங்களில் எரிபொருள்மீது கட்டணம் தொடங்கியது. 2020இல் ஆல்பர்ட்டாவும் சேர்ந்தது. கார்பன் டை ஆக்சைடு டன் ஒன்றுக்கு 20 டாலரில் ஆரம்பித்து, படிப்படியாக ஏறி, 2024இல் 80 டாலரைத் தொட்டது. 2030இல் 170 டாலர் என்பது திட்டம்.

அரசு விவசாயியை மறந்துவிடவில்லை. டிராக்டருக்கும் அறுவடை இயந்திரத்துக்கும் ஊற்றும் டீசல், பெட்ரோலுக்கு விலக்கு இருந்தது. பசுமைக்குடில்களில் எரியும் வாயுவுக்கு 80 சதவீதச் சலுகை இருந்தது. ஆனால் சட்டம் எழுதியவர்களின் கண்ணில் விவசாய எரிபொருள் என்றால் வயலில் ஓடும் வண்டியின் எரிபொருள். உலர்த்தியில் எரியும் புரொப்பேனும், குளிர்காலத்தில் கோழிக் கொட்டகையையும் பன்றிக் கொட்டகையையும் சூடாக வைத்திருக்கும் வாயுவும் விலக்குக்கு வெளியே நின்றுவிட்டன.

இது எவ்வளவு பணம்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 25 சதவீத ஈரத்தோடு வந்த ஒரு டன் மக்காச்சோளத்தை 15.5க்கு இறக்க, சுமார் 112 கிலோ தண்ணீரை ஆவியாக்க வேண்டும். கிலோவுக்கு 5 மெகாஜூல் வெப்பம் என்று வைத்துக்கொண்டால் 22 லிட்டர் புரொப்பேன் செலவாகும். 2019இல் லிட்டருக்கு வரி 3.1 சென்ட், டன்னுக்கு எழுபது சென்ட்கூட இல்லை. 2024இல் லிட்டருக்கு 12.38 சென்ட், டன்னுக்கு 2 டாலர் 70 சென்ட். 170 டாலர் கட்டத்தை எட்டியிருந்தால் ஏறக்குறைய 5 டாலர் 80 சென்ட்.

இருநூறு டாலருக்கு மேல் விற்கும் ஒரு டன் தானியத்தில் 2024இன் வரி நூற்றுக்கு ஒன்று, அதற்குச் சற்று மேல். இதற்கா இவ்வளவு கூச்சல் என்று நகரத்தில் இருந்தவர்கள் கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் வரியை விற்பனை விலையோடு ஒப்பிடுகிற இடத்திலேயே கணக்கு பிசகிவிடுகிறது. விதை, உரம், நிலத்துக்கான தவணை, இயந்திரத்துக்கான தவணை எல்லாம் போக, விற்ற பணத்தில் பத்தில் ஒரு பங்கு கையில் நிற்கும் ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். விலையில் நூற்றுக்கு ஒன்று என்பது அந்த மிச்சத்தில் பத்தில் ஒன்று. மிச்சம் இன்னும் மெலிந்த ஆண்டில் பங்கு இன்னும் பெரிது. ஈரம் கூடிய ஆண்டில்தான் உலர்த்தும் செலவும் கூடுகிறது, விளைச்சலின் தரமும் கெடுகிறது. ஆக, விவசாயிக்கு மோசமான ஆண்டில்தான் வரி அதிகமாக வருகிறது. வருமான வரி நல்ல ஆண்டில் ஏறும். இது கெட்ட ஆண்டில் ஏறும்.

இதைக் காட்டுவதற்கென்றே வந்ததுபோல முதல் ஆண்டே அமைந்தது. 2019 இலையுதிர்காலத்தில் மழையும் முன்கூட்டியே விழுந்த பனியும் சேர்ந்து மேற்குச் சமவெளியில் அறுவடையைத் தின்றன. சில இடங்களில் பயிர் பனிக்கடியில் கிடந்து அடுத்த வசந்தத்தில்தான் அறுக்கப்பட்டது. கிழக்கே மக்காச்சோளம் ஈரத்தோடு நின்றது. நவம்பரில் ஒரு வார ரயில் வேலைநிறுத்தம். புரொப்பேன் வரத்து தடைபட்டது. எந்த விலை கொடுத்தாவது வாயு கிடைத்தால் போதும் என்று நின்றவர்களிடம்தான் வாயுவைக் குறைவாக எரியுங்கள் என்று வரி சொல்லிக்கொண்டிருந்தது.

திருப்பிக் கொடுத்த பணம்

கார்பன் வரியை ஆதரிக்கும் பொருளியலாளர்களிடம் இதற்கு ஒரு பதில் உண்டு. வசூலித்த பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடு; ஆனால் எரித்த அளவைப் பார்த்துக் கொடுக்காதே. அப்படிக் கொடுத்தால் குறைவாக எரிக்க வேண்டும் என்ற தூண்டுதல் செத்துவிடும். கனடா இதைத்தான் செய்தது. வசூலில் ஏறத்தாழ 90 சதவீதம் குடும்பங்களுக்கே திரும்பியது. கிராமப்புறக் குடும்பங்களுக்குக் கூடுதலாகவும் கிடைத்தது. விவசாயத் தொழிலுக்கெனத் தனியாக ஒரு வரிக் கழிவு 2021ஆம் ஆண்டுக் கணக்கிலிருந்து வந்தது. 2022க்கான விகிதம், விவசாயச் செலவில் ஒவ்வோர் ஆயிரம் டாலருக்கும் 1 டாலர் 73 சென்ட்.

ஐந்து லட்சம் டாலர் செலவு செய்யும் ஒரு பண்ணைக்கு இதில் 865 டாலர் கிடைக்கும். அந்தப் பண்ணை ஆயிரம் டன் மக்காச்சோளத்தை மேலே சொன்ன கணக்கில் உலர்த்தியிருந்தால், 2022 விகிதத்தில் கட்டிய வரி சுமார் 1,700 டாலர். பக்கத்துப் பண்ணைக்காரர் உலர்த்தியே வைத்திருக்காத மாட்டுக்காரர் என்றால் அவருக்கும் அதே 865. கொள்கை நூலின்படி இது சரியான வடிவமைப்பு. ஆனால் அது ஒரு நிபந்தனையின்மீது நிற்கிறது: அதிக வரி கட்டுகிறவருக்கு வேறு வழி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

இருந்ததா? மின்சாரத்தில் இயங்கும் பெரிய உலர்த்திகள் சந்தையில் பரவியிருக்கவில்லை. சூடேற்றாத காற்றை ஊதி மெல்லக் காயவைக்கலாம். ஈரம் மிகுந்த குளிர் இலையுதிர்காலத்தில் அது பலிக்காது. மிச்சம் இருந்த ஒரே வழி, குறைந்த வாயுவில் அதிகம் காயவைக்கும் புதிய உலர்த்தி. அதற்கென 5 கோடி டாலர் உதவியை அரசு 2021 பட்ஜெட்டில்தான் அறிவித்தது. வரி 2019இல், உதவி 2021இல். வண்டியைப் பூட்டிய பிறகு மாட்டைத் தேடிய கதை இது.

ஒரு விதிவிலக்கின் விலை

உலர்த்திக்கும் கொட்டகைக்கும் விலக்குக் கேட்டு நாடாளுமன்றத்தில் ஒரு தனிநபர் மசோதா வந்தது. 2021 தேர்தலோடு காலாவதியானது. அடுத்து, சி-234 என்ற எண்ணோடு இன்னொன்று 2022 பிப்ரவரியில் வந்தது. மக்களவை 2023 மார்ச்சில் நிறைவேற்றியது. மேலவை அந்த டிசம்பரில் கொட்டகைகளை வெட்டிவிட்டுத் திருப்பி அனுப்பியது. இடையில், 2023 அக்டோபரில், வீடுகளைச் சூடாக்கும் எண்ணெய்க்கு மூன்றாண்டு வரி நிறுத்தம் என்று ஜஸ்டின் ட்ரூடோ அரசு அறிவித்தது. அந்த எண்ணெயை அதிகம் நம்பியிருப்பவை அட்லாண்டிக் கரை மாகாணங்கள். வாயு எரிக்கும் மேற்கு மாகாணங்கள், அவர்களுக்கு உண்டென்றால் எங்களுக்கு ஏன் இல்லை என்று கேட்டன. விவசாயியின் உலர்த்தி அந்தக் கேள்வியின் முகமாகிவிட்டது.

மசோதா 2025 ஜனவரியில் நாடாளுமன்றக் கூட்டத்தொடர் முடிக்கப்பட்டபோது செத்தது. மார்ச் 14 அன்று மார்க் கார்னி பிரதமரானார். பதவியேற்ற அன்றே நுகர்வோர் எரிபொருள் கட்டணத்தைப் பூஜ்யமாக்கினார். தொழிற்சாலைகள்மீதான கார்பன் விலை மட்டும் தொடர்கிறது.

அந்த வரி விழுந்ததற்கு உலர்த்தி மட்டும் காரணமல்ல. விலைவாசி, வீட்டு வாடகை, தேர்தல் அரசியல் எல்லாம் சேர்ந்ததுதான். ஆனாலும் சி-234 அரசுக்கு எவ்வளவு இழப்பு உண்டாக்கியிருக்கும் என்று பார்த்தால் ஒரு விஷயம் உறுத்துகிறது. நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலரின் மதிப்பீட்டில், 2030 வரைக்குமான மொத்தம் சுமார் நூறு கோடி டாலர். ஆண்டுக்கணக்கில் பார்த்தால் அந்த நாட்டுக்குச் சில்லறை. அந்தச் சில்லறையை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் ஆண்டுக்கணக்கில் இழுத்த அரசு, கடைசியில் முழு வரியையும் இழந்தது.

புகைபோக்கி இல்லாத ஆலை

கனடாவில் பிரச்சினை வாயு. நியூசிலாந்தில் அது பசுவின் வயிறு. அந்நாட்டின் பசுங்குடில் வாயுக்களில் ஏறக்குறைய பாதி விவசாயத்திலிருந்து வருகிறது. அதில் பெரும்பங்கு ஆடுமாடுகள் அசைபோடும்போது ஏப்பமாக வெளியேறும் மீத்தேன். ஆலைக்குப் புகைபோக்கி உண்டு, வடிகட்டி மாட்டலாம். பசுவுக்கு என்ன செய்வது?

2003இல் ஹெலன் கிளார்க் அரசு ஒரு சிறிய தீர்வை கொண்டுவரப் பார்த்தது. ஆண்டுக்கு 84 லட்சம் டாலர் திரட்டி, மீத்தேனைக் குறைக்கும் ஆராய்ச்சிக்குச் செலவிடுவதுதான் நோக்கம். ஊரார் அதற்கு வைத்த பெயர் ‘குசு வரி’. பெயர் ஒட்டிக்கொண்ட பிறகு காரியம் நடக்குமா? ஷேன் ஆர்டர்ன் என்ற எதிர்க்கட்சி உறுப்பினர் ஒரு பழைய டிராக்டரை நாடாளுமன்றப் படிக்கட்டில் ஏற்றினார். தீர்வை கைவிடப்பட்டது.

அடுத்த முயற்சி 2022 அக்டோபரில். பண்ணை அளவிலேயே மீத்தேனை அளந்து 2025 முதல் விலை வைப்பது என்று ஜசிந்தா ஆர்டர்ன் அரசு முன்மொழிந்தது. உலகிலேயே அப்படி ஒரு திட்டம் அதுவரை இல்லை. அரசின் சொந்த மதிப்பீடே, ஆடு, இறைச்சி மாடு வளர்ப்போரின் நிகர வருவாய் 2030க்குள் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறையலாம் என்றது. பால் பண்ணைகளுக்கு அடி இதைவிட மிகக் குறைவு. காரணம் எளிது. பால் பண்ணையில் ஒரு ஏக்கருக்கு வரும் வருமானம் அதிகம். மலைச்சரிவில் ஆடு மேய்ப்பவருக்கு ஒவ்வோர் ஆட்டுக்கும் ஏப்பம் உண்டு, லாபம்தான் கொஞ்சம்.

விலையை ஏற்றி விற்கலாமே என்றால் அதுவும் முடியாது. நியூசிலாந்துப் பாலில் பெரும்பங்கு பால்பொடியாகவும் வெண்ணெயாகவும் கப்பல் ஏறுகிறது. விலை உலக ஏலத்தில் முடிவாகிறது. ஏலத்தில் வாங்குபவருக்கு வெலிங்டனில் என்ன வரி என்பது பொருட்டல்ல. விவசாயியின் நிலை எங்கும் இதுதான்: வாங்கும்போது கடைக்காரர் சொன்ன விலை, விற்கும்போது வியாபாரி சொன்ன விலை. சிமென்ட் ஆலை தன்மேல் விழுந்த வரியில் ஒரு பகுதியையாவது மூட்டை விலையில் ஏற்றும். விவசாயியிடம் வந்த வரி அவரிடமே தங்கிவிடும்.

அரசு மாறியது. 2024இல் விவசாயத்தைக் கார்பன் சந்தையிலிருந்து வெளியே எடுத்தார்கள். 2025 அக்டோபரில் மீத்தேனுக்கு வரியே இல்லை என்று அறிவித்தார்கள். 2050க்குள் மீத்தேனை 24 முதல் 47 சதவீதம் குறைப்பது என்ற இலக்கும் 14 முதல் 24 என்று தளர்ந்தது. முதல் முயற்சியிலிருந்து இருபத்திரண்டு ஆண்டுகள். கையில் நிற்கும் வரி பூஜ்யம்.

இதே நாட்டில் கார்பன் விலை இன்னொரு வாசல் வழியாகப் பண்ணைக்குள் நுழைந்தது. அதை அங்கே அதிகம் பேர் எதிர்பார்க்கவில்லை. மரம் நட்டால் கார்பன் சந்தையில் பணம். டன் விலை 2022இல் 80 நியூசிலாந்து டாலரைத் தாண்டியபோது, மலைச்சரிவில் ஆடு மேய்ப்பதைவிட பைன் மரம் நட்டுவிட்டுச் சும்மா இருப்பது லாபம் என்றாயிற்று. முதலீட்டாளர்கள் ஆட்டுப் பண்ணைகளை முழுசாக வாங்கி நட்டார்கள். விற்றவருக்கு நல்ல விலை. ஆனால் ரோமம் கத்தரிப்பவர், வேலி போடுபவர், ஊர்ப் பள்ளிக்கூடம் ஆகியோருக்கு விற்க நிலமில்லை. நல்ல விளைநிலங்களை இப்படி மொத்தமாகக் காடாக்கிச் சந்தையில் சேர்ப்பதற்கு 2025இல் சட்டம் போட்டு வரம்பு கட்ட வேண்டியதாயிற்று. கார்பன் விலை விவசாயியின் செலவை மட்டும் மாற்றுவதில்லை. நிலத்தின் விலையை மாற்றும். நிலத்தின் விலை மாறினால் ஊரே மாறும்.

டென்மார்க்கின் பேரம்

இவ்வளவுக்கும் பிறகு ஒரு நாடு துணிந்திருக்கிறது. 2024 ஜூனில் டென்மார்க் அரசு, விவசாயிகள் அமைப்பு, இயற்கைப் பாதுகாப்புச் சங்கம், தொழிற்சங்கங்கள் எல்லாம் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டன. நவம்பரில் நாடாளுமன்றக் கட்சிகள் ஏற்றன. 2030 முதல் கால்நடை வாயுவுக்கு டன்னுக்கு 300 குரோனர் வரி, 2035இல் 750. ஆனால் சராசரி வாயு அளவில் 60 சதவீதம் அடிப்படைக் கழிவு. ஆக, சராசரிப் பண்ணைக்கு உண்மையில் விழுவது 120, பிறகு 300. ஒரு பசு ஆண்டுக்கு 5.6 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமான வாயுவை விடுகிறது என்று வைத்தால், 2030இல் தலைக்கு 672 குரோனர், 2035இல் 1,680.

அந்தக் கழிவில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கழிவு நிலையானது, ஆகவே தீவனத்தை மாற்றி ஒரு டன் குறைத்தவருக்கு மிச்சமாவது முழு 300. சுமை குறைகிறது, தூண்டுதல் குறையவில்லை. முதல் ஈராண்டு வசூல் மாற்றத்துக்கான உதவியாக விவசாயத்துக்கே திரும்பும். தாழ்வான கரிமண் நிலங்களைத் திரும்ப நீரில் விடவும் இரண்டரை லட்சம் ஹெக்டேரில் காடு வளர்க்கவும் சுமார் 4,300 கோடி குரோனர் நிதி ஒதுக்கியிருக்கிறார்கள். முதல் பசுவுக்கு வரி கட்டுவதற்கு ஆறு ஆண்டு முன்பே அறிவிப்பு, பணம், மாற்றுவழி மூன்றும் மேசையில். கனடா செய்ததற்கு நேர் தலைகீழ் வரிசை. இது பலிக்குமா என்பது 2030க்குப் பிறகுதான் தெரியும்.

மறுபக்கத்துக் கணக்கு

எதிர்த்துப் பேசுகிறவர்களின் கணக்கிலும் ஓட்டை உண்டு. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2008இலேயே கார்பன் வரி போட்டது. விவசாய ஏற்றுமதி, இறக்குமதியை அது குலைத்ததா என்று நிக்கோலஸ் ரிவர்ஸ், பிராண்டன் ஷௌஃபெலே இருவரும் ஆராய்ந்தபோது, குறிப்பிடத்தக்க பாதிப்புக்குச் சான்று கிடைக்கவில்லை. வரி வந்தால் விவசாயமே அழியும் என்பது மேடைப் பேச்சு.

வரி இல்லாவிட்டால் செலவு இல்லை என்பதும் பொய். 2021 கோடையில் கனடாவின் மேற்குச் சமவெளியை வறட்சி வறுத்தது. அந்த ஆண்டு கோதுமை விளைச்சல் முந்திய ஆண்டைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. எந்தப் புரொப்பேன் வரியும் எடுத்திராத அளவு பணத்தை ஒரு கோடை எடுத்துக்கொண்டது. வெப்பம் ஏறினால் முதலில் கட்டுபவரும் விவசாயிதான். அவரை வரியிலிருந்து காப்பாற்றி வானத்திடம் விட்டுவிட்டால் அது காப்பாற்றியதாகாது.

பெயர் சொல்லாமல் வருவது

இந்தியாவில் விவசாயத்தின்மீது கார்பன் வரி இல்லை. பசுவுக்கு வரி என்ற பேச்சை எடுக்கும் கட்சியும் இங்கே இல்லை. அதனால் நிம்மதியாக இருக்கலாமா?

நிலக்கரிமீது 2010இல் டன்னுக்கு 50 ரூபாய் தீர்வை வந்தது. தூய ஆற்றலுக்கான நிதி என்று சொன்னார்கள். 2016இல் அது 400 ரூபாய் ஆயிற்று. 2017இல் ஜிஎஸ்டி வந்ததும் அதே 400 ரூபாய் மாநிலங்களுக்கான இழப்பீட்டு வரியாக உருமாறியது. கார்பன் பெயரில் தொடங்கிய பணம் எந்தப் பையில் முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

அடுத்த வாசல் உரம். தழைச்சத்து உரத்தின் மூலம் அம்மோனியா. அதை இயற்கை வாயுவிலிருந்து ஒரு டன் செய்ய ஏறத்தாழ இரண்டு டன் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஜனவரி முதல் இறக்குமதி உரத்துக்கும் கார்பன் விலை கேட்கிறது. இந்தியா 2023இல் தன் கார்பன் வரவுச் சந்தைக்கான திட்டத்தை அறிவித்துவிட்டது. இங்கே 45 கிலோ யூரியா மூட்டைக்கு அரசு நிர்ணயித்த விலை, வரி நீங்கலாக, 242 ரூபாய். செலவு ஏறினால் முதலில் தாங்குவது கஜானா. 2022-23இல் உர மானியம் இரண்டரை லட்சம் கோடி ரூபாயைத் தொட்டதை மறந்துவிடக் கூடாது. மற்ற உரங்களில் மானியம் சத்தின் அளவுக்கு இவ்வளவு என்று கட்டியது. கஜானா கைகொடுக்காத அன்று மேலே ஏறுவது மூட்டை விலைதான். ரசீதில் கார்பன் என்ற சொல்லே இருக்காது.

சரி, திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று அரசு சொல்லும். யாருக்கு? நம்மிடம் கையில் இருக்கும் அளவுகோல் பட்டா. ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பிரதமரின் கிசான் திட்டம் நிலம் வைத்திருப்பவருக்குத்தான் போகிறது. வாய்வார்த்தையில் குத்தகைக்கு எடுத்து, உரத்தைத் தன் காசில் வாங்கி, நாற்று நட்டவர் அந்தப் பட்டியலில் இல்லை. கனடாவில் உலர்த்தி இல்லாதவருக்கும் 865 டாலர் போனதுபோல, இங்கே உர மூட்டையைத் தொடாத பட்டாதாரருக்குப் பணம் போகும். கனடா விவசாயிக்குப் பாதியாவது திரும்பி வந்தது. குத்தகைக்காரருக்கு அதுவும் வராது.

ஆகவே இப்படி ஒரு திட்டம் எந்தப் பெயரில் வந்தாலும் முதலில் கேட்க வேண்டியவை இரண்டு. வரி விழும் இடத்தில் நிற்பவருக்கு வேறு வழி கைக்கெட்டுமா? திருப்பித் தரும் பணம், கட்டியவரின் கைக்கே போகுமா? இரண்டுக்கும் பதில் எழுதி வைத்துவிட்டு வரியை எழுதினால் அது நிற்கக்கூடும்.

கனடாவில் வரி போய்விட்டது. உலர்த்திகள் அங்கேயேதான் இருக்கின்றன. நவம்பர் வந்தால் ஈரத் தானியம் ஏறும், நீல நெருப்பு எரியும். அதில் எரிவது இன்றும் பெரும்பாலும் அதே புரொப்பேனோ இயற்கை எரிவாயுவோதான்.